தனியாக ஒரு நாளில் 130 கிலோமீட்டர்: எந்தச் சாலையில், எந்த நேரத்தில்?

முந்தின நாள் இரவு மேப்பைத் திறந்து பார்த்தால், கிளம்பும் ஊருக்கும் போய்ச் சேர வேண்டிய ஊருக்கும் நடுவே அநேகமாக மூன்று வழிகள் தெரியும். தடித்த கோடு நெடுஞ்சாலை, 118 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைவிட மெல்லிய கோடு, ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போகும் இருவழிச் சாலை, 130. மூன்றாவது, வயலுக்கும் காட்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகிற சின்னச் சாலை, இடையில் கொஞ்சம் மண்பாதையும் உண்டு, 146. சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு தனியாகப் போகிறவர் இதில் எதைப் பிடிப்பது?

சீக்கிரம் சேர வேண்டுமென்றால் நெடுஞ்சாலை, ரசித்துப் போக வேண்டுமென்றால் சின்னச் சாலை. வழக்கமாகச் சொல்லப்படும் பதில் இதுதான். நானும் பல வருடம் அப்படி நினைத்துத்தான் கிளம்பினேன். இப்போது நான் முதலில் பார்ப்பது வேறு. நீண்ட தூரம் மிதிக்கும் எந்த நாளிலும் ஒரு மோசமான மணி நேரம் வந்தே தீரும். கால் கெஞ்சும், தண்ணீர் தீரும், காற்று எதிரே அடிக்கும், டயரில் காற்று இறங்கும். சில நாள் எல்லாம் சேர்ந்தே வரும். அந்த மணி நேரத்தில் நான் எந்தச் சாலையில் இருப்பேன்? தூரம், வேகம், அழகு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நாலு பேராகப் போனால் இந்தக் கேள்விக்கு இவ்வளவு கனம் கிடையாது. ஒருவர் டியூப் மாற்றும்போது இன்னொருவர் விளக்குப் பிடிப்பார், மூன்றாமவர் தன் பாட்டிலை நீட்டுவார். எதிர்க்காற்றில் மாறி மாறி முன்னால் போய் மற்றவர்களுக்கு மறைவு கொடுக்கலாம். தனியாகப் போகிறவர் விளக்கை வாயில் கவ்விக்கொண்டுதான் டியூப் மாற்ற வேண்டும். அதனால் தனி ஆளுக்கான தேர்வும் தனியாகத்தான் யோசிக்கப்பட வேண்டும்.

நெடுஞ்சாலை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நுழைவு வெளியேற்றம் எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட அதிவேக விரைவுச்சாலையை இங்கே சொல்லவில்லை. பல நாடுகளில் அங்கே சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது. நான் சொல்வது கிராமப்புறத்தை ஊடுருவிப் போகும், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓரளவு அகலமான ஓரம் உள்ள சாதாரண நெடுஞ்சாலை.

அதன் பெரிய பலம், எதுவும் திடீரென்று வராது என்பது. கனரக லாரிகள் ஏற வேண்டும் என்பதற்காகச் சரிவைக் கட்டுக்குள் வைத்தே இதைப் போடுவார்கள். ஏற்றம் நீளமாக இருக்கும், ஆனால் செங்குத்தாக இருக்காது. சைக்கிளும் ஆளும் பையும் சேர்ந்து 100 கிலோ என்றால், 1 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போக, சமதளத்தில் தேவைப்படுவதற்கு மேல் கிட்டத்தட்ட 50 வாட் கூடுதலாகக் கால் கொடுக்க வேண்டும். அதே வேகத்தை 6 சதவீதத்தில் பிடிக்க முயன்றால் கூடுதல் 300 வாட்டுக்கு அருகே போய்விடும். சாதாரண மனிதக் கால் அதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. சின்னச் சாலையின் குட்டி மேடுகள் ஒவ்வொன்றும் இப்படித்தான் காலைத் தின்னும். நெடுஞ்சாலையில் ஒரு கியரில் போட்டுவிட்டு ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டே இருக்கலாம். வழி தேடி நிற்க வேண்டாம், பெரும்பாலும் போனில் சிக்னல் இருக்கும், கையைக் காட்டினால் நிற்க யாராவது வருவார்கள்.

சத்தம் மட்டும் பழகவே பழகாது. பெரிய லாரி ஒன்று கடக்கும்போது முதலில் காற்று நம்மை வெளியே தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு நொடிகூட இருக்காது. புத்துணர்ச்சியாக இருக்கும்போது தோளைக் கொஞ்சம் இறுக்கினால் போதும். களைத்திருக்கும்போது சைக்கிள் ஒரு அடி நகர்ந்துவிடும். அகலமான ஓரம் எதற்கு என்றால், அந்த ஒரு அடிக்காகத்தான்.

நெடுஞ்சாலை ஓரத்தின் இன்னொரு குணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே எனக்கு ஆன பஞ்சர்களில் பெரும்பாலானவை ஆணியாலோ கண்ணாடியாலோ ஆனவை அல்ல. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள் இருக்கும் எஃகுக் கம்பி இழைகள் ஓரத்தில் உதிர்ந்து கிடக்கும். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், ஒரு நகத்தின் நீளம். அது டயருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். டியூபை மாற்றி, காற்றடித்து, ஐந்து கிலோமீட்டர் போனதும் மறுபடியும் இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் விரல்தான் கிழியும். டயரின் உட்புறத்தில் ஒரு பஞ்சை வைத்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினால், கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சின் ஒரு நூல் மாட்டி இழுபடும். அங்கே சின்ன இடுக்கியால் பிடித்து இழுக்க வேண்டும். பஞ்சும் இடுக்கியும் சேர்ந்து பத்து கிராம் எடைகூட வராது. நெடுஞ்சாலையில் போகிறவர் பையில் இரண்டும் இருக்கட்டும்.

இந்தச் சாலையில் நிஜமாகக் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று பாலம். இதுவரை அகலமாக வந்த ஓரம் பாலத்தில் காணாமல் போகும், நாமும் லாரியும் ஒரே தடத்தில் ஒடுங்க வேண்டிவரும். பாலத்துக்கு முன்னாலேயே நின்று, திரும்பிப் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் கடந்துவிட வேண்டும். இன்னொன்று கிளைச்சாலை பிரியும் இடம். நேராகப் போகும் சைக்கிளுக்குக் குறுக்கே, வேகத்தைக் குறைக்காமல் வண்டிகள் விலகும்.

இருவழிச் சாலை

மேப்பில் பார்க்க இதுதான் நியாயமான நடுவழியாகத் தெரியும். ஆனால் பல நேரம் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற கதைதான். வண்டிகளின் வேகம் நெடுஞ்சாலைக்குக் கிட்டத்தட்ட வரும், சைக்கிளுக்கான ஓரம் மட்டும் சின்னச் சாலையைப் போல இருக்கும், அதாவது இருக்காது. தார் முடியும் இடத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்கு விளிம்பு, அதற்குக் கீழே சரளை. பயந்து அந்த விளிம்பிலேயே ஒட்டிப் போனால் சக்கரம் சரிந்து விழ வாய்ப்பு அதிகம். விளிம்பிலிருந்து முக்கால் மீட்டராவது உள்ளே தள்ளி, நேர்கோட்டில் போக வேண்டும். அப்படிப் போனால்தான் பின்னால் வருகிறவரும் நம்மை உரசிக்கொண்டு போகாமல், முந்திச் செல்வது போல யோசித்து விலகுவார்.

சைக்கிளைக் கடக்கும்போது எவ்வளவு இடம் விட வேண்டும் என்று சில நாடுகள் சட்டமே போட்டிருக்கின்றன. பிரான்சில் ஊருக்கு வெளியே 1.5 மீட்டர். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர். சட்டம் இருப்பது நல்லதுதான். ஆனால் எதிரெதிரே இரண்டு லாரிகள் நம் பக்கத்தில் சந்திக்கும் அந்த நொடியில், சாலையின் அகலம்தான் சட்டம். மூன்று பேருக்கு அங்கே இடமில்லை.

அதனால் இருவழிச் சாலையை நான் தூரத்தை வைத்து எடைபோடுவதில்லை, நெரிசலை வைத்து எடைபோடுகிறேன். சாலையில் ஏறிய முதல் பத்து நிமிடத்தில், எதிரே வரும் வண்டியும் பின்னால் வரும் வண்டியும் என் பக்கத்தில் சந்தித்தது எத்தனை தடவை என்று எண்ணுவேன். ஒன்றோ இரண்டோ என்றால், இதைவிட நல்ல சாலை கிடையாது: தார் நன்றாக இருக்கும், ஊர்கள் வரும், நிழல் வரும். ஐந்து ஆறு என்றால், அடுத்த பிரிவில் இறங்கிவிடுவேன். இது என் சொந்தக் கணக்குதான், ஆனால் இதுவரை என்னைக் கைவிட்டதில்லை. ஹேண்டில்பாரில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டிக்கொண்டால் இந்த எண்ணிக்கையும் எளிது, திரும்பிப் பார்க்கும்போது சைக்கிள் தள்ளாடுவதும் குறையும்.

சின்னச் சாலை

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போவதே இதற்காகத்தான். செயினின் சத்தம் காதில் விழும். ஈரமண் வாசனை வரும்போதே அடுத்த திருப்பத்தில் தண்ணீர் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். வேலி ஓரத்தில் நிற்கும் மாடு தலையைத் திருப்பி, நாம் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் 118 கிலோமீட்டர் போனவருக்கு அன்று இரவு நினைவில் நிற்பது சில மேம்பாலங்களாக இருக்கலாம். இங்கே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு முகம் உண்டு.

கணக்கையும் பார்க்க வேண்டும். நீண்ட தூரச் சைக்கிள் ஓட்டத்தில் ரான்டனூரிங் என்றொரு மரபு உண்டு. போட்டி கிடையாது, நேரக் கெடு மட்டும் உண்டு. 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம். நிற்பது, சாப்பிடுவது எல்லாம் சேர்த்து மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். பையோடு போகிற ஒரு சாதாரண ஆளுக்கு நல்ல தாரில் இந்த வேகம் நியாயமான அளவுகோல். இதை வைத்துப் பார்த்தால் நெடுஞ்சாலையின் 118 கிலோமீட்டர் 8 மணி நேரம். சின்னச் சாலையில் திருப்பங்கள், மண்பாதை, குட்டி மேடுகள், வழி தேடும் நிறுத்தங்கள் எல்லாம் சேர்ந்து எனக்கு 12-க்கு மேல் தேறுவதில்லை. 146 கிலோமீட்டருக்கு 12 மணி நேரம் தாண்டிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகே வருடம் முழுக்கப் பகல் 12 மணி நேரம்தான். 50 டிகிரி அட்சரேகையில் கோடையில் 16 மணி நேரம் கிடைக்கும், குளிர்காலத்தில் 8 தான். அதாவது மேப்பில் 28 கிலோமீட்டர் வித்தியாசமாகத் தெரிந்தது, நிஜத்தில் பகல் முழுவதையும் விழுங்கிவிடும் வித்தியாசம்.

அப்புறம் நாய்கள். துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்பிக்கலாம் என்று தோன்றும். பையோடு அது நடக்காது. இறங்கி, சைக்கிளை நமக்கும் நாய்க்கும் நடுவே வைத்து, மெதுவாக நடந்தால் பெரும்பாலும் அதன் எல்லை முடிந்ததும் நின்றுவிடும்.

112-வது கிலோமீட்டர்

சில வருடங்களுக்கு முன்பு 135 கிலோமீட்டருக்கு ஒரு திட்டம் போட்டேன். பலரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: காலையில் நெடுஞ்சாலையில் வேகமாகக் கிலோமீட்டரைச் சேர்த்துக்கொள்வது, மிச்சத்தை மத்தியானத்துக்கு மேல் சின்னச் சாலையில் நிதானமாக முடிப்பது. உழைப்பு முதலில், பரிசு பிறகு. பகல் 1 மணிக்கு 80 கிலோமீட்டர் முடிந்துவிட்டது. திருப்தியோடு சின்னச் சாலையில் இறங்கினேன்.

112-வது கிலோமீட்டரில் பின்பக்கம் துணி கிழிவது மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், உடைந்த கருங்கல்லின் விளிம்பு டயரின் பக்கச்சுவரைக் கிழித்திருந்தது. கட்டைவிரல் நகம் நுழையும் அளவு. அதன் வழியே டியூப் ஒரு கொப்புளம் போலப் பிதுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கச்சுவர் கிழிந்தால் டியூபை மாற்றிப் பயனில்லை, காற்றடித்ததும் அதே ஓட்டை வழியே பிதுங்கி வெடிக்கும். உள்ளிருந்து அண்டைக் கொடுக்க வேண்டும். பற்பசை டியூபின் அடிப்பாகத்தை வெட்டி, கழுவத் தண்ணீர் இல்லாததால் சட்டையில் துடைத்து, கிழிசலுக்கு உள்பக்கம் வைத்தேன். வழக்கத்தில் பாதிக் காற்றுதான் அடிக்க முடிந்தது.

அதற்குள் வெயில் மஞ்சளாகிவிட்டது. கையை முழுதாக நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே விரல்களைப் படுக்கையாக வைத்துப் பார்த்தால், ஒரு விரலுக்குக் கிட்டத்தட்ட கால் மணி நேரம். மூன்று விரல் இருந்தது. மீதி 23 கிலோமீட்டர். பின்சக்கரத்தில் கனம் ஏறாமல் இருக்க மேட்டிலும் பள்ளத்திலும் இறங்கித் தள்ளி, சமதளத்தில் மட்டும் நின்றபடி மிதித்துப் போனேன். முக்கால் மணி நேரத்துக்கு என்னைக் கடந்தது ஒரே ஒரு டிராக்டர், அதுவும் எதிர்த்திசையில். போனில் சிக்னல் இல்லை. கடைசிப் பத்து கிலோமீட்டர் முழு இருட்டு. போய்ச் சேர்ந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் பாதி, பசியில் பாதி.

அந்த இரவு யோசித்தபோது ஒன்று புரிந்தது. இதே கிழிசல் காலை 8 மணிக்கு அந்தச் சாலையில் ஆகியிருந்தால், ஒரு மணி நேரத் தாமதம், அவ்வளவுதான். மத்தியானம் வரை யாராவது வருவார்கள், இல்லையென்றால் நடந்தே அடுத்த ஊரை எட்டியிருக்கலாம். மாலை 5 மணிக்கு நெடுஞ்சாலையில் ஆகியிருந்தால், அரை மணி நேரத்தில் ஏதாவது ஒரு வண்டியின் பின்பக்கம் சைக்கிள் ஏறியிருக்கும். கிழிசலும் சாலையும் தனித்தனியாக அவ்வளவு மோசமில்லை. அந்தச் சாலையை அந்த நேரத்தோடு சேர்த்தது என் தேர்வு.

அதற்குப் பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். காலையில் சின்னச் சாலை, மாலையில் நெடுஞ்சாலை. கால் புதிதாக இருக்கும்போது மேடு பள்ளங்கள், களைத்த பிறகு சீரான சரிவு. கவனம் கூர்மையாக இருக்கும்போது வழி தேடல், கவனம் மங்கும்போது நேர்கோடு. அழகான இடத்தை அழகான வெளிச்சத்தில் பார்ப்பதும் கூடவே கிடைக்கிறது.

இதற்கு எதிரான வாதங்களும் உண்டு

முதல் வாதம் காற்று. இரவில் தரை குளிர்ந்து கிடக்கும்போது மேலடுக்குக் காற்று கீழே இறங்காது. அதனால் விடியற்காலை அமைதியாக இருக்கும். வெயில் ஏறித் தரை சூடாக ஆக, மேலே இருக்கும் வேகமான காற்று கலந்து கீழே வரும். பிற்பகலில்தான் அது உச்சம். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு 15 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால், உடம்பு உணர்வது 35. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறும், ஆகவே தடை சுமார் மூன்று மடங்கு. மரமும் வேலியும் உள்ள சின்னச் சாலை கொஞ்சம் மறைவு கொடுக்கும், நெடுஞ்சாலை வெட்டவெளி. ஆக, மாலையில் நெடுஞ்சாலை என்றால் காற்றையும் அங்கேதான் சந்திக்க வேண்டும். உண்மைதான். ஆனால் எதிர்க்காற்று நம்மை மெதுவாக்குமே தவிர அநாதையாக்காது. இரவு முன்னறிவிப்பில் நாள் முழுக்க 20-க்கு மேல் எதிர்க்காற்று என்று இருந்தால், சாலையை மாற்றுவதைவிடத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவேன்.

இரண்டாவது வாதம் சூரியன், இது காற்றைவிட முக்கியம். மாலையில் மேற்கு நோக்கிப் போனால், நமக்குப் பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணில் நேராகச் சூரியன் அடிக்கும். அவர் கண் கூசும் அந்தச் சில நிமிடங்களில் நாம் அவருக்கு இல்லவே இல்லை. காலையில் கிழக்கு நோக்கிப் போனாலும் இதே ஆபத்து. எந்த மினுக்கும் விளக்கும் இதைச் சரிக்கட்டாது. அதனால் போகும் திசை மேற்கு என்றால் என் ஏற்பாடு மாறும்: ஒன்று, சூரியன் கண் மட்டத்துக்கு இறங்குவதற்குள் ஊர் போய்ச் சேரும்படி தூரத்தைக் குறைப்பது, அது முடியாவிட்டால், நெடுஞ்சாலையைக் காலைக்குத் தள்ளி, அன்று சின்னச் சாலையையே விட்டுவிடுவது. மனசு கேட்காது, ஆனாலும் விட்டுவிடுவேன்.

மூன்றாவது, தூக்கக் கலக்கம். ஓட்டுநர்கள் தூங்கிவிழும் விபத்துகள் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் நடுவில் அதிகம், அப்புறம் பிற்பகலில் இன்னொரு சின்ன உச்சம். உடம்புக்குள் ஓடும் கடிகாரம் எல்லோருக்கும் அந்த நேரங்களில் இமையை இழுக்கும், மிதிக்கிறவருக்கும் சேர்த்துத்தான். இதுதான் மற்ற இரண்டு முடிவுகளையும் எனக்குத் தீர்த்துக் கொடுத்தது.

கிளம்பும் நேரம்: அதிகாலை 4 மணியா, விடிந்த பிறகா? 4 மணிக்குக் குளிர்ச்சி, காற்றில்லாத அமைதி, இரண்டு மணி நேரம் கூடுதல். ஆனால் அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் இருப்பவர்கள் ராத்திரி முழுக்க ஓட்டியவர்கள். சின்னச் சாலையிலோ குழியும் விலங்கும் விளக்கு வட்டத்துக்குள் வந்த பிறகுதான் தெரியும். கிழக்கு வெளுத்து, விளக்கில்லாமல் சாலையின் விளிம்பு தெரிகிற நேரம் எனக்குச் சரி. சூரியன் எழுவதற்கு இருபது நிமிடம் முன்பு. அதற்குள் பை கட்டி, பாட்டில் நிரப்பி, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து முடித்திருக்க வேண்டும். இருட்டில் போகத்தான் வேண்டுமென்றால், முதுகில் இருக்கும் பட்டையைவிடக் கணுக்காலில் கட்டும் பிரதிபலிப்புப் பட்டை அதிகம் உதவும். மேலும் கீழும் அசையும் வெளிச்சத்தைப் பார்த்ததுமே, அது மிதிக்கிற மனிதன் என்று மூளை சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

நடுப்பகல்: நிற்காமல் போய் 3 மணிக்கே முடிப்பதா, நீண்ட ஓய்வா? வெயில் மிதமான இடத்தில் முதலாவது பரவாயில்லை. வெப்பத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேகூட வியர்வையாகப் போகலாம், குடிப்பது அதை எட்டிப் பிடிக்காது. வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கித் தலைசுற்றல், குழப்பம் வரும். தண்ணீரோடு உப்பும் போக வேண்டும், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தும் போக வேண்டும். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று இருந்தால், பசி தெரியும்போது கால் ஏற்கனவே காலியாகியிருக்கும். நான் 12 மணிக்கு நிழல் பார்த்து ஒதுங்கி, ஷூவைக் கழற்றிவிட்டு, 3 மணி வரை எழுந்திருக்க மாட்டேன். மணிக்கட்டை ஹேண்டில்பாரில் ஊன்றி மரத்துப்போன சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உணர்வு திரும்பிவர அந்த மூன்று மணி நேரம் வேண்டும்.

பை, கியர், போய்ச் சேரும் இடம்

இவற்றைப் பற்றி நிறையப் பேர் நிறைய வாதாடுகிறார்கள். எனக்கு இவை சாலையும் நேரமும் தீர்ந்த பிறகு வரும் விஷயங்கள். கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் பைகளில் நிறைய வைக்கலாம், எடுக்க எளிது, ஆனால் அகலம் கூடும், காற்றையும் லாரியின் வீச்சையும் பிடிக்கும். சைக்கிளின் ஃபிரேமோடும் சீட்டோடும் ஒட்டிக் கட்டும் பைகள் ஒடுக்கமானவை, குலுங்காது, இடம்தான் குறைவு. இரவு கூரைக்குக் கீழே தூங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது போதும். 1884-ல் உலகைச் சுற்றக் கிளம்பிய தாமஸ் ஸ்டீவன்ஸ், முன்சக்கரம் நெஞ்சுயரத்துக்கு வரும் அந்தக் காலச் சைக்கிளில் கொண்டுபோனது மாற்றுச் சட்டை, காலுறை, ஒரு துப்பாக்கி, மற்றும் கூடாரமாகவும் படுக்கையாகவும் மாறும் ஒரு மழைக்கோட்டு. ஒரு பொருளுக்கு இரண்டு வேலை என்ற கணக்கு இன்றைக்கும் செல்லும்.

கியர் அதிகமா, பழுது பார்க்க எளிதா என்றால், தனி ஆளுக்கு நான் எளிமையின் பக்கம். 1963 ஜனவரியில் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து டெல்லி நோக்கிக் கிளம்பிய அயர்லாந்து எழுத்தாளர் டெர்வ்லா மர்ஃபி, வழியில் வரப்போகும் சாலைகளை அது தாங்காது என்று நினைத்துத் தன் சைக்கிளின் மூன்று கியர் அமைப்பையே கழற்றிவிட்டார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் நடு வழியில் கையால் சரிசெய்யத் தெரியாத எதுவும் சைக்கிளில் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கும் இடத்தை முன்பே உறுதி செய்வதா, போகிற போக்கில் பார்ப்பதா? உறுதி செய்துவிட்டால் மனம் நிம்மதி, ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க விடாமல் அதுவே விரட்டும். எனக்குப் பிடித்தது, 130-ல் ஒரு ஊர் முடிவாகியிருந்தாலும் 80-க்கும் 90-க்கும் நடுவே இன்னொரு ஊரின் பெயரை எழுதி வைத்துக்கொள்வது. காலையில் வீட்டில் ஒருவருக்கு இரண்டு பெயரையும் அனுப்பிவிடுவேன், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் கவலைப்பட வேண்டும் என்பதையும் சேர்த்து.

ஆக, முதலில் சொன்ன மேப்பில் இப்போது நான் போடும் கோடு மூன்றில் எதுவும் இல்லை. திசை மேற்காக இல்லாத ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளுக்கும் நேரத்தில் கிளம்பி, முதல் 60 கிலோமீட்டர் சின்னச் சாலை, பத்தரை மணி வரை. அங்கிருந்து 22 கிலோமீட்டர் இருவழிச் சாலை, 12 மணிக்குள் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஊர். 3 மணி வரை ஓய்வு. கடைசி 45 நெடுஞ்சாலை, 6 மணிக்குள் முடிந்துவிடும். மொத்தம் 127.

இதில் நான் பேனாவால் வட்டம் போட்டு வைப்பது 82-வது கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊரை. ஓய்வு முடிந்து எழுந்ததும் டயரின் பக்கச்சுவரை ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பேன், பஞ்சை உள்ளே விட வேண்டியிருந்தால் அங்கேயே விடுவேன். கையை நீட்டி விரல்களை எண்ணுவேன். பன்னிரண்டு விரலுக்குக் குறைவாக இருந்தால், அன்றைய இரண்டாவது ஊர் அதுதான். சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுவேன்.